பாதி மரத்தில் ஒரு காலி இடம்

எங்கள் அத்தான் ஒரு நாளைக்குப் பேசும் சொற்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். வா. சாப்டியா. சரி. பாக்கலாம். கொஞ்சம் தள்ளுங்க. அதற்குமேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அக்கா கேலி செய்வாள். அவள் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவளே கேள்வி கேட்பாள், அவர் சார்பில் அவளே பதில் சொல்வாள், பிறகு அந்தப் பதிலுக்காக அவரிடம் சண்டையும் போடுவாள். போன ஜனவரியில் அவள் இறந்துபோனாள். அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்பதே நின்றுவிட்டது.

நான் அவளுடைய தங்கை. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனியில் போனில் புகார் கேட்பது என் வேலை. நாள் முழுக்க ஊரார் கத்துவதைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, ஒரு புகாரும் சொல்லாத மனிதரைக் கண்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. எரிச்சல்தான் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது வேறு விஷயம்.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியம், கிறிஸ்துமஸ் மரம் ஜோடிக்க அத்தான் வீட்டுக்குப் போனேன். வெளியில் சொன்ன காரணம் அது. மனதில் வைத்திருந்தது வேறு. அவருடைய மகளை என்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். அவளுக்குப் பத்து வயது. வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அக்காவைப் போலவே ஓட்டை வாய். அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாக எதைக் கேட்டாலும் "சரி சித்தி" என்று மட்டும் சொல்லத் தொடங்கியிருந்தாள். தகப்பன் மரமாக நிற்கிறார், மகளும் மரமாகிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

அத்தானின் தொழிலைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் இறக்கி அடுக்கிக் கொடுக்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக இருக்கிறார். பீங்கானும் கண்ணாடியும் அவர் கைக்குத்தான் போகும். அதனால் அங்கே அவருக்குப் பேரே கண்ணாடி. "கண்ணாடியைக் கூப்பிடு" என்றால் அத்தான் வருவார். ஒரு அலமாரியைத் தொடுவதற்கு முன்னால், சுற்றி நிற்கிறவர்களிடம் "கொஞ்சம் தள்ளுங்க" என்பார். ஆள் யாரும் விழாமல், சாமான் மட்டும் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுப்பார். பிறகு கம்பெனிப் படிவத்தில் ஒவ்வொரு பொருளாக எழுதுவார். ஏற்றும்போது முதல் கட்டத்தில் டிக். புது வீட்டில் எடுத்து வைக்கும்போது இரண்டாவது கட்டத்தில் டிக். அடியில் இரண்டு கையெழுத்து, ஒப்படைத்தவர் ஒன்று, பெற்றுக்கொண்டவர் ஒன்று. படத்தைப் பார்த்து, எது எங்கே இருந்ததோ அது அங்கேயே போய்விடும்.

எங்கள் வீட்டை மாற்ற வந்தவர்தான் அவர். புது வீட்டில் அக்கா தன் மேஜை இழுப்பறையைத் திறந்தால் பேனா, ரப்பர், பாதி தின்ற மிட்டாய் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. மூலையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். பிரித்தால் பென்சில் சீவிய தூள். மேலே "இடது மூலை" என்று எழுதியிருந்தது. குப்பையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மனிதர் யார் என்று பார்க்க அக்கா கம்பெனிக்கே போனாள். பார்த்தாள். கதை முடிந்தது. "குப்பையையே இவ்ளோ பத்திரமா பாத்துக்கிறவரு என்னைப் பாத்துக்க மாட்டாரா?" என்று எங்கள் அப்பாவிடம் வாதாடினாள். அப்பா ஒத்துக்கொண்டார்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை. கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜில் இடிக்கும். ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் கதவைச் சாத்த வேண்டும். அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் மரம் வாங்கியே தீருவேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். வாங்கி வந்த பிளாஸ்டிக் மரம் அறையின் பாதியை அடைத்துக்கொண்டது, அத்தானுக்குக் கால் நீட்டிப் படுக்க இடமில்லை. மறுநாளே அவருடைய கம்பி வெட்டும் குறடை எடுத்து, மரத்தின் பின்பக்கக் கிளைகளை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டாள். "சுவருக்கு எதுக்குக் கிளை? சுவரா வந்து பாக்கப்போகுது?" அன்று முதல் அது பாதி மரம். முதுகு தட்டையாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் பாரமெல்லாம் முன்பக்கம் என்பதால் குப்புற விழப் பார்க்கும். ஆணியடித்துக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவது அத்தான் பொறுப்பு.

மற்றதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டே செய்வோம். அக்கா மேல்கிளை, நான் நடு, குட்டி கீழே. கட்டிலின் மேல் ஏறி நின்றுதான் நட்சத்திரம் வைக்க முடியும். மரத்தில் ஒரு குருவி உண்டு. குட்டிக்கு நாலு வயதில் அவளும் அக்காவும் செய்தது. துணி காயப்போடும் மரக் கிளிப்பின்மேல் அத்தானின் பழைய சாக்ஸை வெட்டி ஒட்டி, சட்டைப் பட்டன் ஒன்றைக் கண்ணாகத் தைத்திருந்தார்கள். ஒரே கண். இன்னொரு பட்டன் கிடைக்கவில்லை. "அந்தப் பக்கம் சுவருதானே, கண்ணு வேண்டாம்" என்று அக்கா முடித்துவிட்டாள். நடுவில், குட்டியின் கண் உயரத்தில் இருக்கும் கிளையை அது கவ்விக்கொண்டு இருக்கும். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க நான் துணிந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அக்கா இறந்த காலையில் நான் ஆஸ்பத்திரி நடையில் கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திமிறிக்கொண்டு அறைக்குள் போனால், அத்தான் அவளுடைய துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மூலைக்கு மூலை வைத்து, கையால் நீவி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சீப்பு. பிறகு செருப்பு, செய்தித்தாளில் சுற்றி. கட்டிலில் என் அக்கா கிடந்தாள். அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அன்று நான் முடிவு கட்டினேன். பதினோரு மாதமாக அந்தத் துண்டை நான் மன்னிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கதவைத் தட்டியபோது அத்தான்தான் திறந்தார்.

"வா. சாப்டியா?"

"ஆச்சு அத்தான்."

உள்ளே மரம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. கயிறு கட்டியாகிவிட்டது, எல்லாம் தொங்கவிட்டாகிவிட்டது. கட்டில் ஓரத்தில் குட்டி உட்கார்ந்து மடியில் காலிப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சித்தி வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"நான் எடுத்துக் குடுத்தேன் சித்தி. எங்க வைக்கணும்னு அப்பா ஃபோட்டோ பாத்து வச்சாங்க."

அத்தானின் போன் ஃபிரிட்ஜின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் போன வருஷத்து மரம். அக்கா இறந்த ஒரு வாரம் கழித்து, மரத்தைப் பிரித்துக் கட்டுவதற்கு முன்னால் எடுத்த படம். நான் படத்தைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன். உடம்பு முடியாமல் அக்கா பாதியில் விட்டுவிட்ட ஜிகினாத் தாள் அதே பக்கம் தொங்கியது. நட்சத்திரம் அதே மாதிரி இடதுபக்கம் சாய்ந்திருந்தது. எரியாத பல்பும் அதே இடத்தில் எரியாமல் இருந்தது. நடுக்கிளை மட்டும் காலி. இரண்டு பக்கமும் மணிகள் தொங்க, அந்தக் கிளையில் ஒன்றுமே இல்லை.

"இங்க குருவி இருக்குமே அத்தான்?"

"ஃபோட்டோல இல்ல."

"ஃபோட்டோல இல்லன்னா? இந்த இடத்துல வேற ஏதாவது வச்சா ஆகாதா?"

"ஃபோட்டோல அப்படித்தான் இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் காற்றில் போனது.

"ஆள் போய் பதினோரு மாசம் ஆச்சு. நீங்க இன்னும் ஃபோட்டோ பாத்துக் குடும்பம் நடத்துறீங்க. இந்தப் பிள்ளை வாயத் தொறந்து பேசி எத்தன நாளாச்சு தெரியுமா உங்களுக்கு? குட்டி என்கூட வரட்டும் அத்தான். அங்கேயே ஸ்கூல்ல சேத்துக்கிறேன்."

அவர் மறுப்பார், நான் கத்துவேன், அவர் ஒருநாளாவது கத்துவார் என்று நினைத்திருந்தேன். அத்தான் மகளைப் பார்த்தார். அப்புறம் மரத்தைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

சாத்தியிருக்கிறது என்று நினைத்து முட்டித் தள்ளிய கதவு திறந்தே இருந்தால், தள்ளியவர்தான் விழ வேண்டும். நான் அப்படித்தான் நின்றேன். அத்தான் அதோடு நிற்கவில்லை. அலமாரியிலிருந்து கம்பெனிப் படிவக் கட்டை எடுத்தார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, புதுத் தாளில் 1 என்று எழுதினார்.

"துணிய முதல்ல எழுதட்டுமா, ஸ்கூல் பையவா?" என்று மகளிடம் கேட்டார். வேலைக்குப் போகிற வீட்டில் கேட்கிற அதே குரல்.

குட்டி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அந்தக் காலிக் கிளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குருவிய எழுதுங்கப்பா. அது என்னோடது. நானும் அம்மாவும் செஞ்சது."

பேனா தாளின்மேல் நின்றது.

"அது எங்க இருக்குப்பா?"

"பைல."

"எந்தப் பை?"

"அம்மா பை."

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பீரோவின் மேலே பார்த்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நீலப் பை அங்கே இருந்தது. தூசி படாமல் இருக்க அதன்மேல் ஒரு பழைய தலையணை உறை போர்த்தியிருந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் அதைப் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பைதான் என்று நான் நினைக்கவேயில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப, கதவுகிட்ட போனவ திரும்பி வந்து மரத்துலேருந்து எடுத்துக்கிட்டா" என்றார் அத்தான். "அங்க குளுக்கோஸ் பாட்டில் தொங்குற கம்பில மாட்டி வச்சிருந்தா. நர்ஸம்மா ஒருதடவ கேட்டாங்க, அது என்ன, எலியான்னு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட பெரிய பேச்சு அது. யாரும் சிரிக்கவில்லை.

"எலி இல்ல" என்றாள் குட்டி. பிறகு, "எடுக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

அத்தான் சரி சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதற்கு ஒரு நொடியில் சரி சொன்ன மனிதர், ஒரு பையைத் திறக்க மட்டும் சரி சொல்லவில்லை. பேனாவை மூடினார். திறந்தார். சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 

கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். இரண்டு கையாலும் பையை இறக்கினார், உள்ளே கண்ணாடிச் சாமான் இருப்பதுபோல. கட்டிலின் நடுவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். குட்டிதான் ஜிப்பை இழுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, நாலாக மடித்த கம்பெனிப் படிவம் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அன்று அத்தான் பழக்கதோஷத்தில் அவள் பையையும் படிவம் போட்டுத்தான் கட்டினார். அக்கா அதைப் பிடுங்கி, ஒப்படைத்தவர் என்ற இடத்தில் தன் பெரிய கையெழுத்தைப் போட்டாள். "ஒரு சாமான் கொறஞ்சாலும் உங்க கம்பெனி மேல கேஸ் போடுவேன்" என்றாள். நானும் கூட இருந்தேன். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

கையெழுத்து அப்படியே இருந்தது. கடைசியில் சேர்த்த குருவியோடு மொத்தம் பதினாறு சாமான். முதல் கட்டத்தில் பதினாறு டிக். இரண்டாவது கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது.

"இதுல ஏன் அத்தான் டிக் போடல?"

"எறக்கி வச்சாத்தான் டிக் போடணும். நான் எறக்கல."

"ஏன்?"

 "எறக்கிட்டா வேலை முடிஞ்சிடும்ல" என்றார்.

அந்தத் துண்டு எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்றுகூடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் ஒத்துக்கொண்டவர், அவளே போனபிறகு, மிச்சமிருந்த பதினாறையாவது ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் அவரைத் தப்பாக நினைத்திருந்தேன். அதை உணர்ந்தபோது அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருந்தது. அவருக்குப் பதினோரு மாதமாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"எடும்மா" என்றார் மகளிடம். "நான் டிக் போடுறேன்."

குட்டி ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவள் பேர் சொல்லச் சொல்ல, அத்தான் டிக் போட்டார். துண்டு. சீப்பு. சோப்பு டப்பா. செருப்பு. பாதியில் மடித்து வைத்த ஒரு புத்தகம். போன் சார்ஜர் வந்ததும் குட்டி நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சார்ஜரைத் தேடி வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்து, கடைசியில் புதிது வாங்கியிருந்தார்கள்.

"இது இங்கதான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்ப ஏன் என்கூடச் சேந்து தேடினீங்க?"

அத்தான் டிக் போட்டார். அக்கா இருந்திருந்தால் அவர் சார்பில் ஒரு பதிலைக் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பாள். 

பதினாறாவது, அவருடைய கைக்குட்டையில் சுற்றியிருந்தது. மேலே காகிதத் துண்டு ஒட்டி "உடையும்" என்று எழுதியிருந்தார். துணி ஒட்டிய மரக் கிளிப் எப்படி உடையும் என்று நான் கேட்கவில்லை. குட்டி பிரித்தாள். ஒற்றைக் கண் குருவி கொஞ்சம் நசுங்கியிருந்தது. அவள் விரலால் நீவிவிட்டாள்.

அத்தான் கடைசி டிக்கைப் போட்டுவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க யாருப்பா கையெழுத்து போடணும்?" என்று குட்டி அடியில் காட்டினாள்.

"வீட்டுக்காரங்க."

"வீட்டுக்காரங்கன்னா?"

அவர் பேனாவை அவளிடம் நீட்டினார். "நீதான்."

குட்டி தாளைத் தொடைமேல் வைத்து, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிற மாதிரி குண்டு குண்டாகத் தன் முழுப்பேரையும் எழுதினாள். இடம் பத்தாமல் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. பிறகு எழுந்துபோய், காலிக் கிளையில் குருவியை மாட்டினாள். மரம் லேசாக முன்னால் சாய்ந்தது. அத்தான் எட்டிக் கயிற்றை ஒரு சுற்று இறுக்கினார்.

கட்டிலில் அந்த இன்னொரு தாள் கிடந்தது. அதில் 1 என்ற எண் மட்டும் இருந்தது. அத்தான் அதை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத என்ன பண்ண?"

 அது நான் மட்டும் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்று அப்போதாவது எனக்குப் புத்தி வந்தது.

"நீ என்னடி சொல்ற குட்டி?"

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன் சித்தி" என்றாள்.

வீட்டுக்காரி வீட்டை விட்டு வரமாட்டாள் என்று அர்த்தம். அவளுக்காக என் வீட்டில் ஒரு மேஜைகூட வாங்கிப் போட்டிருந்தேன். "கிழிச்சுப் போடுங்க அத்தான்" என்றேன்.

"சரி."

கிழிக்கவில்லை. கம்பெனித் தாள் அல்லவா, அந்த 1-ஐ மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் படிவக் கட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தார். பிறகு ஃபிரிட்ஜின் மேலிருந்து போனை எடுத்து மரத்தின் முன்னால் வந்து நின்றார். பழக்கம் காரணமாகக் குட்டியும் நானும் சுவரோரம் ஒதுங்கினோம்.

"தள்ளாத" என்றார் அத்தான். "மரத்துகிட்டயே நில்லு."

குட்டி குருவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் போனை உயர்த்தினார், இறக்கினார், என்னைப் பார்த்து, நீயும் போ என்பதுபோலத் தலையசைத்தார். அந்த அறையில் எங்கள் இரண்டு பேரையும் மரத்தையும் ஒரே படத்தில் பிடிக்க இடமில்லை. அவர் கதவைத் திறந்து வெளியே படிக்கட்டுவரை பின்னால் போனார். நானும் போய்க் குட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.